1962: ஒரே எலும்பு, ரெண்டு பிரேக்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னிக்கு நாம பேசப்போறது பிரேக் பத்தி. டீ பிரேக் இல்ல, விளம்பர பிரேக்கும் இல்ல. கார் பிரேக். அதுலயும் குறிப்பா முன்சக்கர பிரேக்.

ஏன் முன்சக்கரம்? டவுன் பஸ்ல நின்னுகிட்டுப் போயிருப்பீங்க. டிரைவர் சடார்னு பிரேக் போட்டா எல்லாரும் முன்னாடி போய் விழுவோம். கம்பியைப் பிடிக்காதவர் கண்டக்டர் மேலயே விழுவார். காரோட எடையும் அப்படித்தான் முன்னாடி சாயும். அந்த நேரத்துல ரோட்டை அழுத்திப் பிடிச்சிருக்கிறது முன் டயர்கள்தான். அதனால நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு. பின்சக்கரம் உதவிக்கு.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவங்க உலகம் பூரா ஒரு வேலை பண்றாங்க. கார் 50, 60 வருஷத்துக்கு முந்தினது. பிரேக்கும் அந்தக் காலத்தது. ரோடு மட்டும் இன்னிக்கு ரோடு. அதனால வேற ஏதாவது வண்டியோட பிரேக்கைக் கழட்டிக் கொண்டுவந்து இதுல மாட்டுறாங்க. கேட்டா ஒருத்தர் 'சூப்பர்'ங்கிறார், இன்னொருத்தர் 'பாவம், ஒரிஜினல் காரைக் கெடுத்துட்டான்'ங்கிறார். இது தகிடுதத்தமா, இன்ஜினியரிங்கா? இந்தக் கேள்விக்கு நான் தேடின பதில் 1962-ஆம் வருஷத்துல கிடைச்சது. லண்டன், வண்டலூர், பாடி, அப்புறம் நம்ம நெல்லைச் சீமை. இந்த நாலையும் அந்த ஒரு வருஷம் இணைக்குது.

லண்டன்ல ஒண்ணு, வண்டலூர்ல ஒண்ணு

முதல்ல கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. உங்க தாத்தா காலத்து ஆல்பத்துல இருக்கலாம். ரெண்டு கதவு, பின்னாடி லேசா வால் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிற ஓரம், முன்னாடி சிரிக்கிற மாதிரி ஒரு முகம். அந்தக் காலத்துல அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு இந்த மூணுதான் இந்தியாவோட கார் உலகம். அதுல ஹெரால்டு மட்டும் நம்ம சென்னைத் தயாரிப்பு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர்ல வச்சிருந்த தொழிற்சாலையில 1961-லேர்ந்து அதைச் செஞ்சாங்க.

இதோட மூலம் இங்கிலாந்துல 1959-ல வந்த டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலொட்டி. அந்தக் கார் செஞ்ச விதத்துக்குப் பின்னாடி ஒரு சுவாரசியமான காரணம் இருக்கு. அப்ப மத்த கம்பெனிகள் பாடியும் சேஸியும் ஒண்ணா இருக்கிற மாதிரி கார் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா ஸ்டாண்டர்டு டிரையம்ஃபுக்குப் பாடி அடிச்சுக் கொடுத்துட்டு இருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு. பெரிய பாடி அடிச்சுத் தர ஆள் இல்ல. அதனால தனியா ஒரு சேஸி செஞ்சு, அது மேல பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு முறுக்கிட்டாங்க.

இது அவங்களுக்கு நெருக்கடி. நமக்கு வரம். துண்டு துண்டா வர்ற காரை வேற நாட்டுல கொண்டுபோய்ப் பூட்டுறது சுலபம். வண்டலூருக்கு அது பொருந்தி வந்துச்சு. இன்னொரு வசதியும் உண்டு: ஹெரால்டோட பானெட்டைத் தூக்கினா மட்கார்டோட சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் மேல போயிடும். இன்ஜின், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் கண் முன்னாடி. டயர் மேலயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

தனி சேஸிங்கிறதால இங்கிலாந்துல இன்னொரு காரியமும் பண்ணாங்க. அதே சேஸியைக் குட்டையாக்கி, மேல ரெண்டு பேர் உட்கார்ற பாடியைப் போட்டாங்க. 1962 அக்டோபர்ல லண்டன் மோட்டார் ஷோவுல அது வெளியே வந்துச்சு. பேரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இன்னிக்கு கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்னு கொண்டாடுற வண்டி.

கவனிங்க. ஸ்பிட்ஃபயரோட முன் சஸ்பென்ஷன் ஹெரால்டோடதுதான். சக்கரத்தைத் தாங்கி நிமிர்ந்து நிக்கிற இரும்புத் துண்டு ஒண்ணு உண்டு, அதுக்கு வெர்ட்டிகல் லிங்க்னு பேரு. அது அந்தக் குடும்பத்துக்கே பொது. அதே வருஷம் வந்த லோட்டஸ் எலான், உலகத்துல நல்லா வளையிற கார்கள்ல ஒண்ணுன்னு இன்னிக்கும் பேசுற கார், அதுவும் டிரையம்ஃபோட வெர்ட்டிகல் லிங்க்கைத்தான் எடுத்துக்கிச்சு. வண்டலூர்ல செஞ்ச குடும்பக் காருக்கும் லோட்டஸுக்கும் ஒரே எலும்பு.

ஆனா அந்த எலும்புல மாட்டினது வேற வேற. ஸ்பிட்ஃபயருக்கு முன்னாடி 9 இன்ச் டிஸ்க் பிரேக், கர்லிங் கம்பெனி தயாரிப்பு. இங்கிலாந்து ஹெரால்டுலயும் 1960களோட ஆரம்பத்துலயே முன் டிஸ்க் ஆப்ஷனா கிடைச்சது. 1963-ல வந்த ஹெரால்டு 12/50-ல அது ஸ்டாண்டர்டாவே வந்துச்சு. நம்ம வண்டலூர் ஹெரால்டுக்கு? நாலு சக்கரத்துக்கும் டிரம்.

டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் என்ன சண்டை?

டிரம் பிரேக்னா, சக்கரத்தோட சேர்ந்து சுத்துற ஒரு இரும்புச் சட்டி. உள்ளே பிறை மாதிரி ரெண்டு ஷூ, அது மேல லைனிங். பெடலை மிதிச்சா ஷூ விரிஞ்சு சட்டியோட உள்பக்கத்தை உரசும். டிஸ்க்னா, ஒரு தட்டு வெளிப்படையா சுத்தும். காலிப்பர்ங்கிற கிடுக்கி ரெண்டு பக்கமும் பேடால அதைப் பிடிக்கும்.

பிரேக் அடிப்படையில ஒரு அடுப்பு. வண்டியோட வேகத்தைச் சூடா மாத்துறதுதான் அதோட வேலை. கேள்வி, அந்தச் சூடு எங்கே போகுதுங்கிறது. டிஸ்க்குல காத்து நேரா படும். டிரம்முல சூடு சட்டிக்குள்ளயே நிக்கும். சூடாச்சுன்னா சட்டி விரிவடையும், ஷூவை விட்டு விலகிப் போகும். லைனிங்கும் சூட்டுல பிடிப்பு குறையும். பெடல் கீழே கீழே போகும், வண்டி நிக்காது. மழையில தண்ணி பூந்தா அது தனிக் கதை.

இதை நம்ம ஊர்க் கணக்குல பார்ப்போம். தாமிரபரணியோட துணையாறு மணிமுத்தாறு. அணைக்கட்டுப் பக்கம் சுமாரா 100 மீட்டர் உயரம். மேலே மாஞ்சோலை 1000 மீட்டரை ஒட்டி. நடுவுல கொண்டை ஊசி வளைவுகள். 4 பேர் உட்கார்ந்த ஒரு ஹெரால்டு 1100 கிலோன்னு வச்சுக்குங்க. அந்த 900 மீட்டர் இறங்கும்போது வண்டி இழக்க வேண்டிய ஆற்றல் சுமார் 97 லட்சம் ஜூல். அது எவ்வளவுன்னா, 80 கிலோமீட்டர் வேகத்துல போற அதே காரை 35 தடவை முழுசா நிறுத்தினா வர்ற சூடு. வீட்டு மொழியில சொன்னா, 33 லிட்டர் தண்ணியை, கிட்டத்தட்ட ரெண்டு குடத்தை, கொதிக்க வைக்கிற சூடு. இதுல ஒரு பங்கை, நீங்க ரெண்டாவது கியர்ல இறங்கினா, இன்ஜின் வாங்கிக்கும். மீதி பிரேக்குக்கு. மலைப் பாதையில நியூட்ரல்ல இறங்காதேன்னு பெரியவங்க சொல்றது இதுக்குத்தான்.

இன்னொண்ணு முக்கியம். ஒரே ஒரு தடவை நிறுத்துறதுக்கு டிரம் மோசம் இல்ல. நல்லா அட்ஜஸ்ட் பண்ண டிரம் சக்கரத்தையே லாக் பண்ணிடும். கடைசியில வண்டியை நிறுத்துறது டயருக்கும் ரோட்டுக்கும் இருக்கிற பிடிதான். வித்தியாசம் அஞ்சாவது தடவை, பத்தாவது தடவை மிதிக்கும்போது தெரியும். அதனாலதான் டிஸ்க் பிரேக் தன்னை நிரூபிச்ச இடம் ரேஸ் களமா இருந்தது. பிரெட்ரிக் லான்செஸ்டர் 1902-லயே டிஸ்க்குக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா 1953-ல லெ மான் 24 மணி நேர ரேஸ்ல டன்லப் டிஸ்க் மாட்டின ஜாகுவார் ஜெயிச்சப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. 1956-ல டிரையம்ஃப் டி.ஆர்.3 முன் டிஸ்க்கோட வந்துச்சு. தொடர் தயாரிப்புல வந்த பிரிட்டிஷ் கார்கள்ல அதுதான் முதல். பிரேக் செஞ்சது கர்லிங்.

இந்தக் கர்லிங் பேரை ஞாபகம் வச்சுக்குங்க. இப்ப நெல்லைக்கு வர்றோம்.

'டி' ஃபார் திருக்குறுங்குடி

டிவிஎஸ்-ல முதல் எழுத்து என்ன? திருக்குறுங்குடி. திருக்குறுங்குடி வேங்கராம் சுந்தரம் அய்யங்கார். தாமிரபரணிக்குத் தெற்கே, மகேந்திரகிரி அடிவாரத்துல, நம்பி கோயில் இருக்கிற அந்த ஊர்ல 1877-ல பிறந்தவர். ரயில்வேயிலயும் பேங்க்லயும் வேலை பார்த்தார். விட்டுட்டு வந்து 1911-ல கம்பெனி ஆரம்பிச்சார், பஸ் ஓட்டினார். பிறகு மதுரையே அவரோட கோட்டை.

இரண்டாம் உலகப் போர் நேரத்துல பெட்ரோல் தட்டுப்பாடு. பஸ் நின்னுடும். அப்ப டிவிஎஸ் ஒரு கேஸ் பிளான்ட் செஞ்சாங்க. அடுப்புக்கரியை எரிச்சு வர்ற வாயுவை இன்ஜினுக்குக் கொடுக்கிற கருவி. பெட்ரோலுக்குன்னு பிறந்த இன்ஜினைக் கரியில ஓட்டினாங்க. நம்ம இன்னிக்குப் பேசுற விஷயத்தோட தாத்தா அதுதான்: ஒரு வண்டிக்குன்னு செய்யாத பொருளை, கணக்குப் போட்டு அந்த வண்டியோட பேச வைக்கிறது.

சுந்தரம் அய்யங்கார் 1955-ல காலமானார். அடுத்த கட்டம் பிள்ளைகளோடது. பஸ் ஓட்டினதும் கார் வித்ததும் போதும், உதிரி பாகமே செய்வோம்னு இறங்கினாங்க. 1962-ல ரெண்டு பிரேக் கம்பெனி பிறந்துச்சு. ஒண்ணு சுந்தரம் கிளேட்டன். லாரி, பஸ்ஸுக்கான ஏர் பிரேக். இன்னொண்ணு பிரேக்ஸ் இந்தியா. இங்கிலாந்தோட லூகாஸ் குழுமத்தோட கூட்டு. லூகாஸ் குழுமத்துல பிரேக் செய்யுற கை யாரு? கர்லிங்!

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. 1962. லண்டன்ல கர்லிங் டிஸ்க் மாட்டின ஸ்பிட்ஃபயர் மேடை ஏறுது. அதே வருஷம் சென்னை பாடியில பேரு பதிச்ச பிரேக் கம்பெனிக்குப் பின்னாடி அதே கர்லிங் தொழில்நுட்பம். அதே ஊரோட இன்னொரு முனையில, வண்டலூர்ல, ஸ்பிட்ஃபயரோட அண்ணன் ஹெரால்டு டிரம்மோட வெளியே வருது.

டிவிஎஸ் மட்டும்னு நினைச்சுடாதீங்க. கடனா நதிக் கரையில இருக்கிற ஆழ்வார்குறிச்சியில 1905-ல பிறந்தவர் எஸ்.அனந்தராமகிருஷ்ணன். வெள்ளைக்காரக் கம்பெனியான சிம்சனுக்குள்ள கணக்கர் படிப்போட போனவர், அதோட தலைவராகி, அமால்கமேஷன்ஸ் குழுமத்தையே கட்டினார். பிஸ்டன்லேர்ந்து டிராக்டர் வரைக்கும். இன்னிக்குச் சென்னையை இந்தியாவோட டெட்ராய்ட்னு சொல்றாங்களே, அதோட அஸ்திவாரத்துல பொதிகை அடிவாரத்து ரெண்டு ஊர்க்காரங்களோட பேர் இருக்கு. நம்ம ஊர்ல அந்தத் தொழிற்சாலைகள் வரலைங்கிறது வேற விஷயம். ஆத்துத் தண்ணி கிழக்கே போச்சு, ஆளுங்க வடக்கே போனாங்க.

அப்புறம் ஏன் வரல?

எலும்பு இருக்கு. அதுல டிஸ்க் உட்காரும்னு இங்கிலாந்துல நிரூபிச்சாச்சு. பிரேக் கம்பெனியும் அதே ஊர்ல. அப்புறம் ஏன் நம்ம ஹெரால்டு கடைசி வரைக்கும் டிரம்மோட போச்சு?

அன்னிக்கு இந்தியச் சந்தை எப்படி இருந்துச்சுன்னு பார்த்தா புரியும். எத்தனை கார் செய்யலாம்னு லைசென்ஸ்ல இருக்கும். வெளிநாட்டுப் பாகம் இறக்குமதி பண்ண அன்னியச் செலாவணி கிடைக்காது. எல்லாப் பாகத்தையும் உள்நாட்டுலயே செய்யணும்னு அழுத்தம். ஹெரால்டு 1960களோட நடுவுலயே அநேகமா முழுக்க உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறிடுச்சு. அது நிஜமான சாதனை. ஆனா ஒரு பாகத்தை உள்நாட்டுல செய்ய அச்சு, டை, மெஷின்னு பணம் போட்டப்புறம், அதை மாத்தணும்னா திரும்பவும் முதல்லேர்ந்து. வருஷத்துக்குச் சில ஆயிரம் கார் விக்கிற கம்பெனிக்கு அது பெரிய சுமை.

போட்டியும் இல்ல. அம்பாசடரும் டிரம், ஃபியட்டும் டிரம். பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கிற வாடிக்கையாளர் 'டிஸ்க் இருந்தாத்தான் வாங்குவேன்'னு சொல்ல மாட்டார். சாவி கிடைச்சாலே சந்தோஷம். ஹெரால்டு பிறகு 4 கதவு வண்டியாச்சு. 1972-ல கெஸல் ஆச்சு. 1970களோட பின்பாதியில அதுவும் நின்னுடுச்சு. 1985-ல ஸ்டாண்டர்டு 2000-னு ஒரு பெரிய காரோட திரும்பி வந்தாங்க. சில வருஷத்துல அந்தக் கம்பெனியே மூடிடுச்சு. மாருதி, பிரீமியர் 118 என்.இ., கான்டெஸா இவங்க எல்லாம் வந்த 1980கள்லதான் முன் டிஸ்க் நம்ம ரோட்டுல சாதாரணமாச்சு.

என் பார்வையில இதுல வில்லன்னு யாரும் இல்ல. ஆனா 20 வருஷம் மலைப் பாதையில இறங்கின எல்லாக் குடும்பங்களும் அந்தத் தாமதத்தோட விலையைக் கொஞ்சம் கொஞ்சமா கட்டியிருக்காங்க. பெடலைப் பம்ப் அடிச்சு அடிச்சு இறங்கினது அவங்கதான்.

பாடியில வளர்ந்த தொழில் சும்மா இருக்கலைங்கிறதையும் சொல்லணும். தரத்துக்கு உலகம் மதிக்கிற ஜப்பானோட டெமிங் பரிசை 1998-ல சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு வாங்குச்சு. 2001-ல சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-ல பிரேக்ஸ் இந்தியாவோட வார்ப்படப் பிரிவு. பிரேக்னா தமிழ்நாடுங்கிற நிலைமை வந்துச்சு. ஹெரால்டுதான் அதைப் பார்க்க இல்ல.

காரோட பேர் வேற, பிரேக் கம்பெனி ஒண்ணு

இப்ப, வேற வண்டி பிரேக்கை மாட்டுறாங்களே, அது எப்படிப் பொருந்துது? நம்ம எல்லாருக்கும் இருக்கிற ஒரு நினைப்பு, ஒவ்வொரு காரும் தனிப் பிறவின்னு. இல்ல. காரோட முகப்புல ஒரு பேர், ஆனா பிரேக் செய்யுறது நாலைஞ்சு கம்பெனிதான். அவங்க ஒரே காலிப்பர் குடும்பத்தைச் சின்னச் சின்ன மாற்றத்தோட பல கார் கம்பெனிக்கு விப்பாங்க.

ஜப்பானோட டாட்சன் 240 இசட் ஒரு கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார். அதை வச்சிருக்கிற அமெரிக்கக்காரங்க ரொம்பக் காலமா முன்பக்கம் டொயோட்டாவோட ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புல வர்ற 4 பிஸ்டன் காலிப்பரை மாட்டுறாங்க. லோடு வண்டி பிரேக், ஸ்போர்ட்ஸ் கார்ல! டாட்சனும் டொயோட்டாவும் சந்தையில பரம எதிரிங்க. ஆனா ரெண்டு பேருக்கும் காலிப்பர் கொடுத்தது சுமிடோமோங்கிற ஒரே கம்பெனி. அதனால போல்ட் துவாரம் பொருந்திடுச்சு.

ஸ்பிட்ஃபயர்காரங்களுக்கு இன்னும் சுலபம். அதே குடும்பத்துல ஜி.டி.6-னு 6 சிலிண்டர் தம்பி உண்டு. அதுக்கு 9.7 இன்ச் டிஸ்க், பெரிய காலிப்பர். அந்த வெர்ட்டிகல் லிங்க், ஹப், டிஸ்க், காலிப்பர் எல்லாத்தையும் கூண்டோட மாத்திக்குவாங்க. நம்ம ஹெரால்டுக்கும் நேர்மையான வழி இதுதான். டிரம்முக்குப் பின்னாடி இருக்கிற தகட்டை எடுத்துட்டு, அதே வெர்ட்டிகல் லிங்க்ல காலிப்பர் தாங்கியை முறுக்கி, ஹப்பை மாத்தி, ஸ்பிட்ஃபயர் டிஸ்க்கை ஏத்துறது. கம்பெனியே போட்டு வச்ச பாதை.

உள்ளூர் வழியும் உண்டு. மாருதி பாகம் மலிவு, எங்கேயும் கிடைக்கும், அதை லேத்ல கடைஞ்சு மாட்டலாம்னு சொல்வாங்க. ஆனா ஹெரால்டு சக்கரத்துல 4 போல்ட் நிக்கிற வட்டம் 95.25 மில்லிமீட்டர். மாருதி 800-ல 114.3. சும்மா உட்காராது. ஹப்பைக் கடையணும், பிராக்கெட் செய்யணும். அந்த பிராக்கெட்டுல ஒரு மில்லிமீட்டர் கோணல் இருந்தாலும் பேடு சாய்வா தேயும்.

நம்ம மாநிலத்துல இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன். சோழவரம் விமான ஓடுதளத்துல நடந்த ரேஸ் பரம்பரையில வந்தவர். 1980களோட கடைசியில மாருதி இன்ஜினை வச்சு ஒத்தை இருக்கை ரேஸ் கார் செஞ்சார். ஃபார்முலா மாருதி. கடைத்தெருவுல கிடைக்கிற பாகத்துலேர்ந்து ரேஸ் கார்! நரேன் கார்த்திகேயன் மாதிரி ஆட்கள் ஓட்டிப் பழகினது அதுலதான்.

மாத்துறதுன்னா எதையெல்லாம் மாத்தணும்?

நான் பகல்ல கோடு எழுதுறவன். எங்க வேலையில ஒரு லைப்ரரியை மட்டும் புது வெர்ஷனுக்கு மாத்தினா, அதை நம்பியிருக்கிற பத்து இடம் உடையும். பிரேக்கும் அச்சு அசல் அப்படித்தான். காலிப்பர் போல்ட் உட்கார்ந்துடுச்சுன்னா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறது, கோடு கம்பைல் ஆயிடுச்சு, ரிலீஸ் பண்ணலாம்னு நினைக்கிற மாதிரி.

முதல்ல, பெடல். டிரம்முல ஒரு மாயம் உண்டு. சட்டி சுத்துற வேகமே முன்னணி ஷூவை இழுத்து இன்னும் அழுத்தும். டிஸ்க்குக்கு அந்த இலவச உதவி கிடையாது. அதனால டிஸ்க்குக்கு லைன்ல அதிக அழுத்தம் வேணும். கால் பலம் போதலைன்னா பூஸ்டர் தேடணும்.

ரெண்டாவது, மாஸ்டர் சிலிண்டர். காலிப்பர் பிஸ்டன் 48 மில்லிமீட்டர்லேர்ந்து 54 ஆச்சுன்னு வைங்க. பார்க்க 6 மில்லிமீட்டர்தான். ஆனா பரப்பளவு விட்டத்தோட வர்க்கம், அதனால 26 சதவீதத்துக்கு மேல அதிக ஆயில் தள்ளணும். பழைய மாஸ்டர் சிலிண்டரே இருந்தா பெடல் அந்த அளவுக்குக் கீழே போகும்.

மூணாவது, பல டிரம் வண்டிகள்ல லைன்ல கொஞ்சம் அழுத்தத்தை நிரந்தரமா தேக்கி வைக்கிற சின்ன வால்வு ஒண்ணு இருக்கும். டிஸ்க் போட்டப்புறம் முன் லைன்ல அது இருந்துச்சுன்னா பேடு தட்டை விடவே விடாது. ஓட ஓட உரசி, புது பிரேக் பழைய டிரம்மைவிட மோசமா கொதிக்கும்.

நாலாவது, முன்பின் சமநிலை. முன்பக்கத்தை மட்டும் பலப்படுத்தினா முன்சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும். லாக் ஆன சக்கரம் திரும்பாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு வளைச்சாலும் வண்டி நேரா போகும். மலையில நேரா போனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம்.

அஞ்சாவது, பிரேக் ஆயில். அது காத்துலேர்ந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற கொதிநிலை குறையும். இறக்கத்துல அது கொதிச்சு ஆவிக் குமிழ் வந்தா, எவ்வளவு விலையுள்ள காலிப்பரா இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி போயிடும்.

இந்த எபிசோடுக்காகப் பேட்டையில ஒரு மெக்கானிக் அண்ணாச்சிகிட்டப் பேசினேன். ஜீப்புக்கெல்லாம் டிஸ்க் மாத்திக் கொடுக்கிறவர். அவர் சொன்னது: "தம்பி, பிரேக்கு பிடிக்கலன்னா வண்டி நிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும்லா. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா என்ன ஆகும்னு மாத்துறவன் யோசிக்கணும். நான் வேலை முடிச்சா மொத ஓட்டம் நான்தான் ஓட்டுவேன். அதுக்கு மனசு இல்லன்னா அந்த வேலையைத் தொடக்கூடாது." சாஃப்ட்வேர்ல நாங்க டெஸ்டிங்னு சொல்றதை அவர் தன் உயிரை வச்சுப் பண்றார்.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு: பதிவுச் சான்றிதழ்ல இருக்கிற விவரம், தயாரிப்பாளர் சொன்ன விவரத்தோட மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமா உறுதிப்படுத்துச்சு. 2021-ல பழைய வண்டிகளுக்குத் தனி விதி வந்துச்சு. 50 வருஷம் தாண்டின வண்டி, மூல வடிவத்துல இருந்தா, 'வின்டேஜ்'னு தனிப் பதிவு எண் வாங்கலாம். சேஸி, பாடி, இன்ஜின் இதுகள்ல மாற்றம் செஞ்சிருக்கக் கூடாது. ஹெரால்டுகளுக்கு இப்ப அந்த வயசு ஆயிடுச்சு. அதனால கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்குங்க, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்க. கழட்டின டிரம், ஷூ, தகடு எதையும் காயலாங்கடைக்குப் போடாதீங்க. துணியில சுத்தி வைங்க. திரும்பிப் போற வழி எப்பவும் இருக்கணும்.

'ஒரிஜினலைக் கெடுத்துட்டான்'ங்கிற வாதத்துக்கு என் பதில் இதுதான். எது ஒரிஜினல்? ஸ்பிட்ஃபயரே ஹெரால்டோட எலும்பை எடுத்துக் கட்டின கார். லோட்டஸ் எலானும் அடுத்தவன் பாகத்தைக் கடன் வாங்குச்சு. கடன் வாங்குறது இந்தத் தொழிலோட இயல்பு. வித்தியாசம், அவங்க வாங்கின ஒவ்வொரு பாகத்துக்கும் கணக்குப் போட்டு, ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டாங்க. வீட்டுல மாத்துற நாம அந்தக் கணக்கையும் கையெழுத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கணும். கணக்குப் போட நேரம் இல்லைன்னா டிரம்மே இருக்கட்டும். நல்ல லைனிங், வட்டம் மாறாத டிரம், புது ஆயில், ரெண்டாவது கியர். அதோடயே நிறைய பேர் அந்த மலையைப் பத்திரமா இறங்கியிருக்காங்க.

உங்க வீட்டுல, தெருவுல, சொந்தக்காரங்க ஷெட்டுல எங்கேயாவது ஒரு ஹெரால்டு தார்ப்பாய்க்கு அடியில நிக்குதா? படம் எடுத்து அனுப்புங்க. பானெட்டைத் தூக்கி, முன்சக்கரத்தைத் தாங்கி நிக்கிற அந்த வெர்ட்டிகல் லிங்க்கையும் ஒரு படம் எடுங்க. அடுத்த எபிசோட்ல மதுரை பஸ்கள் டிவிஎஸ் கையிலேர்ந்து 1972-ல பாண்டியன் ரோட்வேஸ் ஆன கதை, அங்கிருந்து நம்ம கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிரிஞ்சு வந்த கதை. அதுவரைக்கும், இறக்கத்துல கியரை விடாதீங்க.